கோபெனிக்கின் போலி கேப்டன்: உடுப்பு லேசு, ரசீது கனம்

1906 அக்டோபர் 16, நண்பகல். பெர்லினின் வடமேற்கு ஓரத்தில் ப்ளோட்சன்சே பக்கம் ராணுவ நீச்சல் குளம் ஒன்று உண்டு. அங்கே காவல் பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்களை ஒரு கேப்டன் வழிமறித்தார். பிரஷ்ய ராணுவத்தின் முதல் காலாட்காவல் ரெஜிமெண்ட் உடுப்பு, இடுப்பில் வாள், நரைத்த மீசை. 'மேன்மை தங்கிய மன்னரின் உத்தரவு, என் பின்னால் வாருங்கள்' என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. துப்பாக்கி சுடும் திடலிலிருந்து வந்த இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டார். பத்துப் பதினோரு சிப்பாய்கள் தேறினார்கள்.

அவர்களைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். மோட்டார் வண்டிக்கு ஏற்பாடு செய்ய முடியவில்லை என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். வழியில் பீர் வாங்கிக் கொடுத்தார். கோபெனிக் ஸ்டேஷனில் இறங்கியதும் ஆளுக்கொரு மார்க் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். அதற்கப்புறம்தான் வந்த வேலையைச் சொன்னார்: இந்த ஊர் மேயரையும் இன்னும் சிலரையும் கைது செய்யப் போகிறோம்.

கோபெனிக் அப்போது பெர்லினோடு சேராத தனி ஊர். செங்கல் நகர்மன்றக் கட்டடத்தின் வாசல்களில் ஆள் நிறுத்தப்பட்டது. உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக்கூடாது. உள்ளூர்க் காவலர்களுக்குத் தெருவில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலை கிடைத்தது. அவர்கள் அதை ஒழுங்காகச் செய்தார்கள். காவல் ஆய்வாளர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர அனுமதி கேட்டார், கேப்டன் கொடுத்தார். தபால் நிலையத்துக்கு ஆள் அனுப்பி, பெர்லினுக்கான தொலைபேசி இணைப்புகளை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொன்னார். நிறுத்தினார்கள்.

மேயர் கியோர்க் லாங்கர்ஹான்ஸ் படித்தவர், சட்டம் தெரிந்தவர், தானே ரிசர்வ் ராணுவ அதிகாரி. அன்று முழுவதிலும் கேட்கப்பட வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவர் அவர்தான்: வாரண்ட் எங்கே? கேப்டன் தாள் எதையும் நீட்டவில்லை. துப்பாக்கி முனையில் கத்தி செருகி நின்ற சிப்பாய்களைக் காட்டி, இதுதான் என் அதிகாரம் என்றார். மேயர் அதோடு அடங்கினார்.

அடுத்தது கஜானா. நகராட்சிப் பொருளாளரைக் கணக்கு முடிக்கச் சொன்னார். இருந்த 3,500 மார்க்குக்கு மேற்பட்ட ரொக்கத்தை வாங்கிக்கொண்டார். பொருளாளர் முறைப்படி ரசீது கேட்டார். கேப்டன் தயங்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: 'ஃபான் மால்ட்சான், முதல் காவல் ரெஜிமெண்ட் கேப்டன்.' தான் கடைசியாக இருந்த சிறையின் கண்காணிப்பாளர் பெயரையே போட்டிருந்தார். இந்த ரசீதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் கனம் முழுக்க இந்தத் தாளில்தான் இருக்கிறது.

மேயரும் பொருளாளரும் வண்டிகளில் ஏற்றப்பட்டு, சிப்பாய்க் காவலோடு பெர்லினின் மையக் காவல் கூடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மீதி சிப்பாய்களிடம் இன்னும் அரை மணி நேரம் காவல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, கேப்டன் நிதானமாக ஸ்டேஷனுக்கு நடந்து போனார். ரயிலேறினார். உடுப்பைக் கழற்றினார்.

பெர்லினில் கைதிகள் வந்து இறங்கியபோதுதான், இப்படி ஒரு கைது உத்தரவே கிடையாது, இப்படி ஒரு கேப்டனும் கிடையாது என்று தெரிந்தது. அடுத்த சில நாள் ஐரோப்பா முழுக்கச் சிரித்தது.

யார் அந்த கேப்டன்

பத்து நாள் கழித்து, அக்டோபர் 26 காலையில் சிக்கினார். பழைய சிறைத் தோழன் ஒருவன் பரிசுத் தொகைக்காகக் காட்டிக்கொடுத்தான். பெயர் வில்ஹெல்ம் வோய்க்ட், வயது 57, தொழில் செருப்புத் தைப்பது. ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. உடுப்பைப் பழைய துணிக் கடைகளில் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்திருந்தார். அதில் சில பிசகுகள் இருந்ததாகப் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். எல்லாம் தெரிந்தபின் யாருக்கும் எல்லாப் பிசகும் தெரியும்.

இள வயதிலிருந்தே திருட்டு, போலி ஆவணம் என்று உள்ளே போய் வந்தவர். கடைசியாக ஒரு நீதிமன்றக் கஜானாவை உடைக்கப் போய் 15 ஆண்டு கடுங்காவல். அதை முழுக்க அனுபவித்துவிட்டு 1906 பிப்ரவரியில் வெளியே வந்தார். விஸ்மார் என்ற ஊரில் ஒரு நல்ல முதலாளியிடம் செருப்புத் தொழிலுக்குச் சேர்ந்தார். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய கைதி என்பதால் போலீஸ் அவரை ஊரை விட்டு வெளியேற்றியது. பெர்லின் பக்கம் சகோதரி வீட்டுக்கு வந்தார், ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. ஆகஸ்டில் அங்கிருந்தும் வெளியேற்ற உத்தரவு. தங்க அனுமதி இல்லை, அதனால் நிலையான வேலை இல்லை. பாஸ்போர்ட் இல்லை, அதனால் நாட்டை விட்டுப் போகவும் வழியில்லை.

பாஸ்போர்ட் எடுக்கத்தான் நகர்மன்றத்துக்குப் போனேன் என்று வோய்க்ட் பின்னால் சொன்னார். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் கோபெனிக் நகர்மன்றத்தில் பாஸ்போர்ட் வழங்கும் பிரிவே இல்லை. கஜானா இருந்தது. அவருடைய பழைய வரலாற்றை வைத்துப் பார்த்தால் நான் கஜானா பக்கம்தான் சாய்வேன். அதற்காக ஊர் ஊராக விரட்டப்பட்ட கதை பொய்யாகிவிடாது. நீதிமன்றமே அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

குற்றப்பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தால்

1906 டிசம்பர் 1 அன்று பெர்லின் இரண்டாம் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான்கு ஆண்டு சிறை. தீர்ப்பில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்த குற்றங்கள்: உரிமையின்றி உடுப்பு அணிந்தது, பொது ஒழுங்குக்கு எதிரான குற்றம், ஆட்களைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தது, மோசடி, கடுமையான வகை ஆவணப் போலி.

இந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் 1871ஆம் ஆண்டின் ஜெர்மன் தண்டனைச் சட்டம் என்ன விலை போட்டிருந்தது என்று பார்த்தால்தான் வழக்கின் சுவாரஸ்யம் புரியும். ஊரே பேசியது உடுப்பைப் பற்றி. அந்த உடுப்புக்கு 360ஆம் பிரிவு. அது குற்றம் என்ற தகுதிகூட இல்லாத சிறு மீறல்: 150 மார்க் வரை அபராதம், அல்லது சில வாரக் காவல். தெருவில் சத்தம் போட்டு ஊரைக் கலைப்பவனும் அதே பிரிவில்தான் வருவான். அடுத்தது, இல்லாத பதவியின் அதிகாரத்தைச் செலுத்தியது, 132ஆம் பிரிவு. பொது ஒழுங்குக்கு எதிரான குற்றங்கள் என்ற அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு நகரத்தையே கைப்பற்றிய இந்தச் செயலுக்கு உச்சபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 300 மார்க் அபராதம். நகராட்சியிலிருந்து அவர் எடுத்துப் போன பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அடைத்து வைத்ததும் மோசடியும் அதைவிடக் கனம், ஐந்தாண்டு வரை போகும். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது அந்த ரசீது. ஆதாயத்துக்காக ஆவணத்தைப் போலியாக உருவாக்கினால் 268ஆம் பிரிவு. தனியார் ஆவணம் என்றால் ஐந்தாண்டு, பொது ஆவணம் என்றால் பத்தாண்டு வரை, அதுவும் கடுங்காவல். இரக்கத்துக்கு இடமிருந்தால்தான் சாதாரணச் சிறை. வோய்க்டுக்குக் கிடைத்தது சாதாரணச் சிறைதான். விஸ்மாரில் ஒழுங்காக வாழ முயன்றதும், போலீஸ் விரட்டியதும் அவருக்கு அங்கே உதவின.

பதவி நாடகத்துக்கு மட்டும் தண்டனை என்றால் ஓராண்டைத் தாண்டியிருக்க முடியாது. மீதி மூன்று ஆண்டும் பணத்திலிருந்தும், பூட்டிய கதவிலிருந்தும், மால்ட்சான் என்ற கையெழுத்திலிருந்தும் வந்தவை. உலகம் சிரித்தது ஒரு காரணத்துக்கு, சட்டம் தண்டித்தது வேறு காரணத்துக்கு.

இதற்கு ஒரு தர்க்கம் உண்டு. பதவி வேஷத்தைச் சட்டம் அரசுக்கு நேர்ந்த அவமரியாதையாகத்தான் பார்க்கிறது. ஏமாந்தவனுக்கு நேர்ந்த இழப்பை வேறு பிரிவுகள் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஆனால் ஏமாந்தவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வேஷம்தான் ஆயுதம். கத்தியைக் காட்டிப் பறித்தவனிடம் கத்தி தனி, பறிப்பு தனி என்று பிரித்துப் பார்ப்பதில்லையே; ஆயுதம் இருந்தது என்பதே தண்டனையைக் கூட்டிவிடும். பதவி வேஷத்துக்கு அந்த மரியாதை 1906இல் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அரைகுறைதான்.

வோய்க்ட் நான்கு ஆண்டும் இருக்கவில்லை. 1908 ஆகஸ்டில் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் மன்னிப்பு வழங்கி விடுவித்தார். அப்புறம் மெழுகுச் சிலை, மேடைத் தோற்றம், கையெழுத்திட்ட படங்கள் என்று அந்தப் போலி கேப்டனை வைத்தே பிழைத்தார். லக்சம்பர்க்கில் குடியேறி 1922இல் இறந்தார்.

சிப்பாய்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

ஒன்றும் இல்லை என்று ராணுவம் முடிவு செய்தது. அதிகாரி சொன்னார், கீழ்ப்படிந்தார்கள். மன்னருக்கு அதில் பெருமை வேறு என்று சொல்வார்கள்.

நம் சட்டத்தில் இந்தக் கேள்வி அவ்வளவு லேசில் முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 14ஆம் பிரிவு, சொல்வது இது: நிகழ்வு பற்றிய தவறான நம்பிக்கையால், நல்லெண்ணத்தோடு, தனக்குச் சட்டப்படி கடமை என்று நினைத்து ஒருவர் செய்தது குற்றமாகாது. சட்டம் பற்றிய தவறான நம்பிக்கைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மேலதிகாரியின் உத்தரவுப்படி கூட்டத்தின் மீது சுட்ட சிப்பாயை அந்தப் பிரிவே உதாரணமாகக் காட்டுகிறது; ஆனால் 'சட்டத்தின் கட்டளைக்கு இணங்க' என்ற நிபந்தனையோடு.

கோபெனிக் சிப்பாய்களின் தலையில் இருந்த நம்பிக்கை ஒன்றல்ல, இரண்டு. இவர் கேப்டன் என்பது ஒன்று. அது நிகழ்வு பற்றிய தவறு, பிரிவு காப்பாற்றும். ஒரு கேப்டன் வாய்மொழியாகச் சொன்னால் ஊர் மேயரைப் பிடித்து வண்டியில் ஏற்றலாம் என்பது இன்னொன்று. அது சட்டம் பற்றிய தவறு, அங்கே பிரிவு கைவிடும். ஒருவேளை அன்று வந்தது நிஜமான கேப்டனாகவே இருந்திருந்தால்? மேயர் கைது அப்போதும் அதே அளவு சட்டவிரோதமாகத்தான் இருந்திருக்கும். வோய்க்ட் போலி என்று தெரிந்த பிறகு எல்லோரும் நிம்மதியாகச் சிரித்ததில் இந்தக் கேள்வி அமுங்கிப்போனது. ஜெர்மன் பத்திரிகைகளில் அப்போதே சிலர் இதைக் கேட்டார்கள், பெரிதாக எடுபடவில்லை.

இதே சிக்கலின் இந்திய வடிவம் 1987 மார்ச்சில் பம்பாயில் நடந்தது. புலனாய்வு அதிகாரி வேலைக்குப் பட்டதாரிகள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம். தாஜ் ஹோட்டலில் நேர்காணல். மோன் சிங் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் 26 பேரைத் தேர்ந்தெடுத்தார். மார்ச் 19 அன்று அவர்களைப் பேருந்தில் ஏற்றி, ஆபரா ஹவுஸ் பகுதியில் உள்ள திரிபோவன்தாஸ் பீம்ஜி ஜவேரி நகைக் கடைக்கு 'ரெய்டு' கூட்டிப் போனார். தேடுதல் வாரண்டும் காட்டினார். தரம் பார்க்க என்று நகைகளைப் பையில் போட்டு சீல் வைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். முப்பது லட்ச ரூபாய்க்கு மேல் மதிப்பு. இன்றுவரை பிடிபடவில்லை.

கடைக்குள் மாட்டிக்கொண்ட அந்த 26 பேரும், அரசு ஊழியர் போல் நடிப்பதைத் தண்டிக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 170ஆம் பிரிவின்படி போலி அதிகாரிகளா? இல்லை. தனக்கு அந்தப் பதவி இல்லை என்று *தெரிந்தே* நடிப்பவரைத்தான் அந்தப் பிரிவு பிடிக்கும். இவர்கள் தங்களுக்கு நிஜமாகவே வேலை கிடைத்துவிட்டது என்று நம்பிய அப்பாவிகள். மோன் சிங்கின் புத்திசாலித்தனமே அங்கேதான்: நடிக்கத் தெரிந்தவர்களை அவர் தேடவில்லை, நம்பக்கூடியவர்களைத் தேடினார். வோய்க்ட் நிஜச் சிப்பாய்களைத் திரட்டியதும் அதே காரணத்துக்குத்தான்.

நம்மூரில் நடந்திருந்தால்

சரி, வோய்க்ட் இன்றைக்குத் தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றுக்குள் நுழைந்திருந்தால் எஃப்.ஐ.ஆரில் என்னென்ன பிரிவு விழும்?

ராணுவ உடுப்புக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காக்கி போன்ற மற்ற அரசு ஊழியர் உடுப்பாக இருந்தால் 205: அதே மூன்று மாதம், 5,000 ரூபாய் அபராதம். பதவி ஆள்மாறாட்டத்துக்கு 204. பழைய 170இல் இரண்டாண்டு வரை என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்றாண்டு.

204க்கு இரண்டு கால் உண்டு. பதவி இருப்பதாக நடிப்பது ஒரு கால். அந்தப் போர்வையில் ஏதாவது ஒரு செயலைச் செய்வது அல்லது செய்ய முயல்வது மறு கால். இரண்டும் வேண்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை ஆகும் ஒருவர், 'நான் சி.பி.ஐ.யில் இருக்கேன்' என்று பந்தியில் அளந்துவிட்டால் அது 204 ஆகாது. அதே ஆள் டோல்கேட்டில் அந்த வார்த்தையைச் சொல்லிக் கட்டணம் கட்டாமல் போனால், வழக்குப் போட இடமுண்டு. அமெரிக்காவில் இந்தக் கோடு உச்ச நீதிமன்றம் வரை போனது. தனக்கு மிக உயரிய ராணுவப் பதக்கம் கிடைத்ததாகப் பொய் சொன்ன ஒரு உள்ளூர்க் குடிநீர் வாரிய உறுப்பினர் மீதான அல்வாரெஸ் வழக்கில், வெறும் பொய்யைக் குற்றமாக்கிய சட்டத்தை 2012இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு அதிகாரி போல் நடிப்பதைத் தண்டிக்கும் சட்டத்தை மட்டும் தொடவில்லை.

வோய்க்டிடம் இரண்டு காலும் உறுதியாக இருக்கின்றன. அப்புறம் ஆட்களை அடைத்ததற்கு 127, ஏமாற்றிச் சொத்தைப் பெற்றதற்கு 318, அதில் ஏழாண்டு வரை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்கு 319. பழைய 419இல் மூன்றாண்டாக இருந்தது இப்போது ஐந்து.

இதையெல்லாம் தாண்டி, அந்த ரசீது. பழைய 467, இப்போதைய 338, மதிப்புமிக்க பத்திரங்களையும் உயிலையும் போலியாக்குவது பற்றிப் பேசும் பிரிவு. படிக்காமலே பலர் இது நிலப்பத்திர மோசடிக்கு மட்டும் என்று நினைப்பார்கள். பிரிவின் பின்பாதியைப் படித்தால், பணம் பெற்றதை ஒப்புக்கொள்ளும் ரசீதும் வெளிப்படையாகப் பட்டியலில் இருக்கிறது. தண்டனை ஆயுள் வரை, அல்லது பத்தாண்டு வரை. இல்லாத ஒரு ஆள் பெயரில் ஆவணம் எழுதினாலும் போலி ஆவணம் ஆகலாம் என்று சட்ட விளக்கமே சொல்கிறது. ஆக, கோபெனிக் பொருளாளர் முறைப்படி கேட்டு வாங்கிய அந்தச் சின்னத் தாளுக்கு நம் சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை போகலாம். உடுப்புக்கு மூன்று மாதம்.

வோய்க்டின் வக்கீல் இங்கே எழுந்து நிற்பார்: பணம் கிடைத்தது ரசீதால் அல்ல, துப்பாக்கியால், ரசீது வெறும் சம்பிரதாயம். வாதம் மோசமில்லை. ஆனால் பொருளாளரைப் போன்ற ஆளுக்கு ரசீதில்லாமல் கஜானாவைத் திறந்துவிடுவது கையை வெட்டிக்கொடுப்பதற்குச் சமம். அந்தத் தாள்தான் கொள்ளையை அலுவலக நடைமுறையாக மாற்றியது. பணத்தை நேர்மையற்று வாங்க உதவிய பொய் ஆவணம் அது என்று அரசுத் தரப்பு சொன்னால் நான் அரசுத் தரப்பின் பக்கம்தான்.

உடுப்புத் தேவைப்படாத கேப்டன்கள்

2024 ஆகஸ்ட் கடைசியில் லூதியானாவில், வர்த்மான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு ஒரு போன். அவருக்கு வயது 82, பத்ம பூஷண் பெற்றவர், பெரிய நூற்பாலைக் குழுமத்தைக் கட்டியவர். ஒரு விமான நிறுவன அதிபர் மீதான பணமோசடி வழக்கில் உங்கள் பெயர் வந்திருக்கிறது, நாங்கள் சி.பி.ஐ. என்றார்கள். ஸ்கைப் அழைப்பை அணைக்காமல் இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். கைது வாரண்டும், உச்ச நீதிமன்ற உத்தரவும் முத்திரையோடு வாட்ஸ்அப்பில் வந்தன. தலைமை நீதிபதி விசாரிப்பது போல ஒரு 'நீதிமன்ற அமர்வு'கூட இணையத்தில் நடந்தது. அவர் 7 கோடி ரூபாய் அனுப்பினார். விரைவில் புகார் கொடுத்ததால் 5.25 கோடி திரும்பக் கிடைத்தது. ஓஸ்வால் இதை மறைக்கவில்லை, தானே வெளியே பேசினார். அந்த அளவுக்குப் பெரிய மனிதர் வெளிப்படையாகப் பேசியதால்தான் பலர் புகார் கொடுக்கத் துணிந்தார்கள் என்று நினைக்கிறேன்.

வோய்க்டுக்குப் பழைய துணிக் கடை தேவைப்பட்டது, ரயில் தேவைப்பட்டது, சிப்பாய்களுக்கு பீர் வாங்கக் காசு தேவைப்பட்டது. இவர்களுக்கு ஒரு சுவர், ஒரு கொடி, ஒரு கேமரா போதும். மற்றபடி முறை அப்படியே அதே முறை. வெளியுலகத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும்: அன்று தபால் நிலையம், இன்று 'யாரிடமும் சொல்லக்கூடாது, ரகசியச் சட்டம்' என்ற மிரட்டல். மேலிடத்தின் பெயர் வேண்டும்: அன்று மன்னர், இன்று உச்ச நீதிமன்றம். யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது.

2025 ஜூலையில் மேற்கு வங்கத்தின் கல்யாணி நீதிமன்றம் இப்படி ஒரு 'டிஜிட்டல் அரெஸ்ட்' வழக்கில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பத்திரிகைகள் 'போலி போலீஸுக்கு ஆயுள்' என்று தலைப்புப் போட ஏற்ற செய்தி. ஆனால் கணக்குப் பாருங்கள்: பதவி ஆள்மாறாட்டத்துக்கு உச்சம் மூன்றாண்டு, ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கு ஐந்தாண்டு. ஆயுள் அங்கிருந்து வந்திருக்கவே முடியாது. பெர்லினில் நடந்த அதே கூட்டல்தான்: வேஷம் வழக்கைத் தொடங்கி வைக்கும், தண்டனையை வேறு பிரிவுகள் சுமக்கும்.

204இன் உச்சத்தை மூன்றிலிருந்து பத்தாக உயர்த்தினால் தீர்ந்துவிடுமா? எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. டோல்கேட்டில் அளந்தவனும், முதியவரின் சேமிப்பைத் துடைத்தவனும் ஒரே பிரிவுக்குள் இருக்கும் வரை, எண்ணை உயர்த்துவது முதல் ஆளைத்தான் அதிகம் வதைக்கும். நடித்துப் பறிப்பதைத் தனியாகப் பிரித்து, அதற்கென ஒரு கனமான உட்பிரிவு வைத்திருக்கலாம். 2023இல் சட்டத்தையே புதிதாக எழுதும்போது அதற்கு வாய்ப்பு இருந்தது. ஓராண்டைக் கூட்டி, ஆறு மாதக் குறைந்தபட்சம் வைத்து முடித்துவிட்டார்கள்.

லாங்கர்ஹான்ஸ் கேட்ட கேள்விக்கு நம் நடைமுறைச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு: வாரண்டை நிறைவேற்ற வருபவர் அதன் சாரத்தைச் சொல்ல வேண்டும்; கேட்டால் வாரண்டையே காட்ட வேண்டும். 36ஆம் பிரிவு: கைது செய்யும் போலீஸ் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளிலிருந்து வந்தவை இவை. வீடியோ அழைப்பில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வழியில்லை; அதனால்தான் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று சட்டத்திலேயே இல்லை என்கிறார்கள்.

வாரண்டைக் கேட்டுவிட்டால் மட்டும் போதாது என்பதும் ஓஸ்வால் வழக்கில் தெரிந்துவிட்டது. லாங்கர்ஹான்ஸுக்குத் தாள் காட்டப்படவில்லை. ஓஸ்வாலுக்குக் கேட்காமலே தாள் தாளாக வந்தது. மோசடிக்காரர்கள் அந்தக் கேள்விக்குத் தயாராகவே வருகிறார்கள். ஆனால் அங்கேயே அவர்கள் தலையில் வேறு பிரிவும் ஏறுகிறது. நீதிமன்ற ஆவணத்தையோ, பொது ஊழியர் பதவி முறையில் தயாரித்ததாகத் தோன்றும் தாளையோ போலியாக்கினால் 337, ஏழாண்டு வரை. மின்னணுப் பதிவும் அதில் அடக்கம். இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் சொல்பவர்கள் பணம் போன கணக்கு எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த 'வாரண்டை' அவமானத்தில் அழித்துவிடுகிறார்கள். அழிக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர் எழுதும் ஸ்டேஷன்களும் 204, 318, 319 என்று வழக்கமான மூன்றோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தத் தாள்களை முதல் பக்கத்தில் இணைத்து 337ஐயும், பண ரசீது ஏதாவது இருந்தால் 338ஐயும் சேர்த்து எழுத வேண்டும்.